விளையாட்டுப் புகையிரதம் தந்த பெரியார் – பிராங்க் ஹோர்ன்பி

உலகத்துப் பெரியாரின் வரலாறுகளை எடுத்துரைத்தல் விழா மலர்களுக்கு நெடுநாளைய வழக்கமாகும். நாடாண்ட மன்னரும், நூல் யாத்த புலவரும், நோய் தீர்க்கும் வழி கண்ட விஞ்ஞானியரும் அவ்வரிசையில் இடம்பெறுவர். சிறுவர் கையிலே ஒரு தகர இயந்திரத்தைக் கொடுத்து, அதனைக் கழற்றவும் மீளப் பூட்டவும் கற்பித்த ஒருவரை அவ்வரிசையிற் சேர்த்தல் தகுமோ என்று சிலர் ஐயுறலாம். தகும் என்பதே எமது துணிபு. அத்துணிபு நூல்களிலிருந்து மட்டும் எமக்கு வந்ததன்று. எமது ஊராகிய இலுப்பைக்கடவையிலே, துருவேறிக் கிடந்த விளையாட்டுப் புகையிரத இயந்திரம் ஒன்றைச் செப்பனிட முற்பட்டபோது வந்தது.

மன்னாரிலிருந்து பூநகரிக்குச் செல்லும் மேற்குக் கரையோரப் பாதையில், வயலுக்கும் கடலுக்கும் இடையே அமைந்தது இலுப்பைக்கடவை. அங்கே தண்டவாளம் இல்லை. மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்கு ஓடிய புகையிரதத்தைப் பார்க்க விரும்பிய எம் ஊர்ச் சிறுவர் மன்னாருக்கே போதல் வேண்டும். அப்பாதை 1914ஆம் ஆண்டிலே கப்பற்சேவை வழியாகத் தனுஷ்கோடியுடன் இணைக்கப்பட்டு, இலங்கையையும் இந்தியாவையும் தொடுத்து நின்றது. 1964ஆம் ஆண்டு மார்கழிப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. 1990ஆம் ஆண்டிலே போர் காரணமாகத் தலைமன்னார்ப் புகையிரதமும் நின்று போயிற்று. நாட்டுப் புகையிரதம் நின்ற பின்னும் எமது வீட்டில் ஒரு புகையிரதம் எஞ்சியிருந்தது. எமது பெரியதந்தையார் கொழும்பிலே உத்தியோகம் பார்த்த காலத்தில், தாயகம் திரும்பிய ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தாரிடம் வாங்கி வந்த, சாவி கொடுத்து ஓட்டும் சிறிய இயந்திரம் அது.

2008ஆம் ஆண்டிலே ஊரார் யாவரும் இடம்பெயர நேர்ந்தது. உயிரைக் காப்பதே பெரிதாக இருந்த வேளையில் விளையாட்டுப் பொருளை யார் எடுத்துச் செல்வர்? பின்னர் மீண்டு வந்தபோது, இடிந்த ஓடுகளின் கீழே ஒரு பிஸ்கற் தகரப் பெட்டியினுள் அது கிடக்கக் கண்டோம். சாவி இல்லை, உள்ளிருந்த சுருள்வில் அறுந்திருந்தது, உப்புக்காற்றும் மழைநீரும் புகுந்து இரும்பெல்லாம் துரு மூடியிருந்தது. எறிந்துவிடுக என்றனர் சிலர். எறிய மனம் ஒப்பாது மேசைமீது வைத்துப் பார்த்தோம். அப்பொழுதுதான் ஓர் உண்மை புலனாயிற்று. அவ்வியந்திரத்தின் பாகங்கள் ஒட்டப்பட்டனவும் அல்ல, உருக்கிப் பொருத்தப்பட்டனவும் அல்ல. நட்டாலும் போல்ட்டாலும் பூட்டப்பட்டிருந்தன. ஓரிரவு மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, மறுநாட் காலையிற் குறடு கொண்டு மெல்லத் திருகிய அளவில் ஒன்றன்பின் ஒன்றாக அவை இளகின. கொதிகலன் வேறு, அடித்தட்டு வேறு, உள்ளியந்திரம் வேறு எனப் பிரிந்து, யாதொரு பாகமும் முறியாமல் எம் கைக்கு வந்தன. இதனை ஆக்கியவர், என்றோ ஒருநாள் யாரோ ஒருவர் இதனைத் திறப்பர் என்று எதிர்பார்த்தே ஆக்கியுள்ளார் என்பது தெளிவாயிற்று. அங்ஙனம் எதிர்பார்த்தவர் யார்? அவரது வாழ்வை ஆராயும் ஆவல் எமக்கு அன்றே பிறந்தது.

பிராங்க் ஹோர்ன்பி 1863ஆம் ஆண்டு மே மாதம் 15ஆந் தேதி இங்கிலாந்தின் துறைமுக நகரமாகிய லிவர்பூலிற் பிறந்தார். தந்தையார் உணவுப்பண்ட வணிகர். பதினாறாவது வயதிற் பள்ளியை விட்டு நீங்கி, தந்தையாரின் வணிகத்திலே காசாளராக அமர்ந்தார். பொறியியல் பயின்றவர் அல்லர். பல்கலைக்கழகத்தில் மாணவராய் இருந்தவரும் அல்லர். 1887ஆம் ஆண்டிலே கிளாரா என்னும் ஆசிரியையை மணந்தார். 1899ஆம் ஆண்டு தந்தையார் இறந்தபோது வணிகமும் மூடப்பட்டது. முப்பத்தாறு வயதிலே, குடும்பபாரம் தாங்கிய ஹோர்ன்பி, இறைச்சி இறக்குமதி செய்யும் டேவிட் எலியட் என்பாரிடம் கணக்கெழுதுநராகச் சேர்ந்தார். பிறருடைய பேரேட்டிலே பிறருடைய இலாபத்தை எழுதிக் கழியவேண்டிய வாழ்வு என்றே அயலார் எண்ணியிருப்பர்.

ஆயினும் மாலை வேளைகளில் அவர் வேறொரு மனிதரானார். தம் புதல்வர் இருவருக்காக உலோகத் தகட்டை வெட்டிப் பாலமும், பாரந்தூக்கியும், வண்டியும் செய்து கொடுத்தார். முதலில் ஒரு பொம்மைக்கென வெட்டிய துண்டு மற்றொன்றுக்குப் பொருந்தவில்லை. பாரந்தூக்கியைக் கலைத்துப் பாலம் கட்ட முடியவில்லை. அந்த இடர்ப்பாட்டைப் பற்றிச் சிந்தித்தமையே அவரது வாழ்வின் திருப்பமாயிற்று. எல்லாத் துண்டுகளும் ஒரே அகலமும், ஒரே இடைவெளியிலமைந்த துளைகளும் உடையனவாயின், எதனையும் எதனோடும் பூட்டலாம். அதே துளையிலே அச்சையும் செருகிச் சக்கரத்தைச் சுழலவிடலாம் என்று கண்டார். அரை அங்குல அகலமுள்ள செப்புப் பட்டைகளைத் தம் கையாலேயே வெட்டி, அரை அங்குலத்துக்கு ஒன்றாகத் துளையிட்டார். தொடக்கத்தில் நட்டையும் போல்ட்டையும் கூடத் தாமே செய்துகொண்டார்.

1901ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் இதற்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். அதற்கான செலவுக்கு ஐந்து பவுண் தேவைப்பட்டது. அத்தொகை அவரிடம் இருக்கவில்லை. முதலாளி எலியட்டிடமே கடன் பெற்றார். முதலாளியோ கடன் கொடுத்ததோடு நில்லாது, தம் அலுவலகத்தின் அருகே வெறுமையாய் இருந்த இடத்தையும் வேலைக்கு அளித்து, ஈற்றிலே பங்காளியும் ஆனார். 1902ஆம் ஆண்டில் முதற்பெட்டி விற்பனைக்கு வந்தது. அதில் இருந்தவை 16 வகைப் பாகங்களும், 12 பொம்மைகளைக் கட்டும் முறையை விளக்கும் ஒரு தாளுமே. லிவர்பூற் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பேராசிரியர் ஹீல்-ஷா அதனைப் பாராட்டி நற்சான்று வழங்கினார். பாராட்டு வந்தது, இலாபம் வரவில்லை. 1906ஆம் ஆண்டிலேதான் முதன்முதலாகச் சிறிது ஊதியம் கிடைத்தது. ஐந்தாண்டு நட்டத்தைப் பொறுத்திருந்த அவரது உறுதி, தேர்வில் ஒருமுறை தவறினும் சோர்ந்துவிடும் எம் இளைஞர் நினைவிற் கொள்ளத்தக்கது.

1907ஆம் ஆண்டிலே கணக்கெழுதும் வேலையைத் துறந்து, லிவர்பூலின் டியூக் வீதியிற் சிறு தொழிற்சாலையொன்றை நிறுவினார். மெக்கானோ என்னும் பெயரும் அவ்வாண்டிலேயே பதிவு பெற்றது. மறு ஆண்டு மெக்கானோக் கம்பெனி அமைந்தபோது எலியட் அதிற் சேரவில்லை. பொறுப்பு முழுவதும் ஹோர்ன்பியின் தோள்மீது வந்தது. 1914ஆம் ஆண்டில் பின்ஸ் வீதியில் எழுந்த பெருந் தொழிற்சாலை, அறுபத்தைந்து ஆண்டுகள் சிறுவர் உலகின் தலைநகராக விளங்கிற்று. 1916ஆம் ஆண்டு மெக்கானோ சஞ்சிகையையும் அவர் தொடங்கினார். விளம்பரத்துக்காகத் தோன்றிய அவ்வேடு, பாலங்களையும் கப்பல்களையும் புகையிரதங்களையும் பற்றிச் சிறுவருக்கு எடுத்துரைக்கும் அறிவேடாக வளர்ந்தது.

இனிப் புகையிரதத்துக்கு வருவோம். முதலாம் உலகப்போருக்கு முன்னர் விளையாட்டுப் புகையிரதங்களிற் பெரும்பாலானவை செருமனியின் நூரெம்பேர்க் முதலிய நகரங்களிலிருந்தே வந்தன. போரினால் அவ்வரவு தடைப்பட்டது. 1920ஆம் ஆண்டிலே ஹோர்ன்பி தம் பெயராலேயே புகையிரதங்களை வெளியிட்டார். இரு தண்டவாளங்களுக்கும் இடைப்பட்ட தூரம் ஒன்றேகால் அங்குலம், அதாவது 32 மில்லிமீற்றர். உள்ளே சுருள்வில், ஓட்டுநர் அறையிலே நிறுத்துவதற்கும் பின்னோக்கிச் செலுத்துவதற்கும் சிறு நெம்புகள். பிறர் செய்த தகர வண்டிகளிலும் இவை இருந்தன. ஹோர்ன்பியின் வண்டிக்கே உரிய சிறப்பு வேறொன்று. மெக்கானோப் பாகங்களைப் போலவே அதுவும் நட்டாலும் போல்ட்டாலும் பூட்டப்பட்டிருந்தது. பழுதுற்ற பாகத்தை மட்டும் கழற்றி, அதற்கீடான புதிய பாகத்தை வாங்கிப் பூட்டலாம். பழுது என்பது பொருளின் முடிவன்று, அதனை அறிந்துகொள்வதற்கு ஒரு வாயில் என்னும் கருத்து அவ்வமைப்பிலே பொதிந்து கிடந்தது.

அக்கருத்தின் பயனை இலுப்பைக்கடவையில் யாம் நேரே நுகர்ந்தோம். பழைய சுருள்வில் இயந்திரத்தைப் பேணுவோர்க்குப் பயன்படுமாதலின், எமது அனுபவத்தைச் சிறிது கூறுவோம். முதலாவது, முறுக்கேறிய வில்லுடன் எந்த இயந்திரத்தையும் பிரித்தலாகாது. சாவியை இறுகப் பற்றியவாறே, பின்சுழற்சியைத் தடுக்கும் கொக்கியை விலக்கி, முறுக்கைச் சிறிது சிறிதாக இளக்குதல் வேண்டும். தவறின் வில் பாய்ந்து விரலைக் கிழித்துவிடும். இரண்டாவது, எண்ணெயைப் பற்றியது. எம் வீடுகளிலே எளிதிற் கிடைக்கும் தேங்காயெண்ணெயையோ நல்லெண்ணெயையோ இடுதல் பெருந்தவறு. தாவர எண்ணெய்கள் நாட்செல்லக் காற்றோடு கூடிப் பிசினாகி, சக்கரத்தைச் சுழலவிடாது பிடித்துக்கொள்ளும். எமது இயந்திரத்தின் பற்களிடையே இருந்த கரும்பசையும் அத்தகையதே. மண்ணெண்ணெயும் மென்றூரிகையும் கொண்டு அதனைக் கழுவி, துணியால் துடைத்து, தையல் இயந்திர எண்ணெயை ஊசிமுனையால் அச்சுமுனை ஒவ்வொன்றுக்கும் ஒரு துளி இட்டோம். துளி மிகின் தூசு சேரும்.

மூன்றாவது, அறுந்த வில். பெரும்பாலும் வில்லின் நடுப்பகுதி அறுவதில்லை; அச்சின் கொளுவியிலே மாட்டும் உள்நுனித் துளையே கிழிகின்றது. அந்நுனியை மட்டும் தீயிற் சிவக்கக் காய்ச்சி மெல்ல ஆறவிட்டால் உருக்கு மென்மையடையும். அப்பொழுது புதிய துளையிடலாம். வில்லின் எஞ்சிய பகுதியிற் சூடு ஏறினால் அதன் வலுவே போய்விடுமாதலின், ஈரத்துணி சுற்றி அதனைக் காத்தல் வேண்டும். எமது ஊர்க் கம்மாலையிலே கலப்பைக்கொழு காய்ச்சும் முதியவர் ஒருவர் இதனை ஒரே பார்வையிற் புரிந்துகொண்டு செய்து தந்தார். லிவர்பூலிற் பிறந்த பொருளுக்கும் எம் ஊர்க் கொல்லருக்கும் இடையே மொழிபெயர்ப்பு எதுவும் வேண்டியிருக்கவில்லை. நான்காவது, வண்ணம். துரு கண்டவுடன் சுரண்டிப் புதுவண்ணம் பூசுவோர் உளர். பழைய வண்ணம் எவ்வளவு எஞ்சியிருக்கிறதோ அவ்வளவையும் காத்து, துருவை மட்டும் நீக்கி, மெல்லிய மெழுகு பூசி வைத்தலே முறை. கடற்கரை ஊர்களிலே ஈரம் புகாத பெட்டியில் வைத்தலும் இன்றியமையாதது. தொலைந்த நட்டுக்கள் இரண்டுக்குப் பதிலாக, நண்பர் ஒருவரின் பழைய மெக்கானோப் பெட்டியிலிருந்து இரண்டை எடுத்துத் திருகினோம். வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு வீட்டுச் சிறுவருக்காகச் செய்யப்பட்டவை, ஓரச்சில் வார்த்தாற்போலப் பொருந்தின.

ஹோர்ன்பியின் வாழ்வைப் புகழ்ச்சியாக மட்டும் கூறுதல் நேர்மையன்று. தொழில் பெருகப் பெருக, அவரது தொழிற்சாலையே அவரது கொள்கையிலிருந்து சிறிது விலகியது. 1926ஆம் ஆண்டிலே, காப்புரிமையின் இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவில், மெக்கானோப் பாகங்கள் சிவப்பும் பச்சையுமாக வண்ணம் பெற்றன. அக்காலத்திலேயே மலிவான புகையிரதங்களும் வெளிவந்தன. அவற்றிலே நட்டும் போல்ட்டும் இல்லை. தகட்டின் ஓரத்து நாக்கைத் துளையிற் செருகி மடித்துவிட்டனர். வறிய சிறுவரும் வாங்கக்கூடிய விலைக்கு அவ்வழி உதவியது என்பது உண்மையே. ஆயினும், மடித்த தகரநாக்கை இரண்டு மூன்று முறை நிமிர்த்தினால் ஒடிந்துவிடும். மலிவு வாயிலைத் திறந்தது. பழுது பார்க்கும் வாயிலை ஒருக்களித்துச் சாத்தியது. இவ்விரண்டில் எது பெரிது என்பதை எம்மால் எளிதில் முடிவு செய்ய இயலவில்லை.

1925ஆம் ஆண்டிலே வந்த மின்சாரப் புகையிரதமோ, வீட்டு மின்னோட்டத்தை ஒரு மின்குமிழின் வழியாகத் தண்டவாளத்துக்கே செலுத்தி ஓடிற்று. சிறுவர் கைபடும் பொருளுக்கு அது தகாதது. பின்னர் குறைந்த மின்னழுத்தத்தில் ஓடுவன அதன் இடத்தைப் பிடித்தன. 1930களில் துத்தநாகக் கலவையால் வார்த்த சக்கரங்கள் வேறொரு குறையை உடையன. வார்க்கும்போது கலவையிற் சிறிதளவு ஈயம் கலந்துவிடின், ஆண்டுகள் பல சென்றபின் உள்ளிருந்தே வெடித்துப் பொடியாகும். அந்நோய்க்கு மருந்தில்லை; புதிய சக்கரம் வார்த்துப் பூட்டுவதே வழி. புறத்துத் துருவை யாம் துடைத்து நீக்கலாம். ஆக்கும்போதே அகத்திற் புகுந்த மாசை எவரால் நீக்க இயலும்? பொருளுக்கு மட்டும் உரிய பாடம் அன்று இது.

ஹோர்ன்பி 1931ஆம் ஆண்டிலே லிவர்பூலின் எவர்ட்டன் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவாகி, 1935 வரை உறுப்பினராய் இருந்தார். நூற்றுக்கணக்கான தொழிலாளருக்கு வேலை அளித்துப் பெருஞ் செல்வராயினார். 1936ஆம் ஆண்டு செப்டெம்பர் 21ஆந் தேதி, தமது எழுபத்துமூன்றாம் வயதில் இறந்தார். இன்னும் சிறிய அளவினவாகிய புகையிரதங்கள் 1938ஆம் ஆண்டிலே அவர் பெயரால் வெளிவந்தபோது, அவற்றைக் காண அவர் இருக்கவில்லை. கம்பெனி 1964ஆம் ஆண்டிலே பிறர் கைக்கு மாறிற்று. பின்ஸ் வீதித் தொழிற்சாலை 1979ஆம் ஆண்டில் மூடப்பட்டது. எனினும் அவர் பெயர் விளையாட்டுப் புகையிரதங்களின் மீது இன்றும் நிலைத்து நிற்கின்றது.

அவர் விதைத்த விதை எங்கெங்கு முளைத்தது என்பதற்கு ஒரு சான்று போதும். 1934ஆம் ஆண்டளவில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டக்லஸ் ஹாட்ரி என்னும் பேராசிரியரும், ஆதர் போட்டர் என்னும் மாணவரும், கடினமான வகையீட்டுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் கணிப்பொறி ஒன்றை மெக்கானோப் பாகங்களைக்கொண்டே கட்டினர். விளையாட்டுப் பெட்டியிலிருந்து ஆராய்ச்சிக்கூடம் எழுந்தது. கணக்கெழுதுநர் ஒருவர் தம் பிள்ளைகளுக்காக வெட்டிய செப்புத் தகடு, முப்பத்தைந்து ஆண்டுகளிற் பேராசிரியரின் மேசையை அடைந்தது.

எமது இயந்திரத்தின் கதையையும் முடித்துவிடுவோம். மூன்று மாத உழைப்பின் பின், பித்தளைத் துண்டை அரத்தால் தேய்த்து ஆக்கிய சாவியைக் கொடுத்து, வீட்டுத் திண்ணையின் சீமெந்துத் தரையில் அதனை விட்டோம். தண்டவாளம் இல்லாமையால் நேரே ஓடவில்லை; வளைந்து வளைந்து சுமார் பத்தடி தூரம் ஓடி நின்றது. இடப்பெயர்வின்போது பிறந்து, புகையிரதத்தையே நெடுநாட் கண்டிராத எம் வீட்டுச் சிறுவன், ஓடியதைக் கண்டு மகிழ்ந்தானாயினும், அவன் முதலிற் கேட்டது மீண்டும் ஓட்டிக் காட்டும்படி அன்று. உள்ளே இருப்பதைத் திறந்து காட்டும்படியே. யாமும் குறட்டை அவன் கையிற் கொடுத்தோம். பிராங்க் ஹோர்ன்பி விரும்பியிருக்கக்கூடியதும் அதுவே என்று எண்ணுகின்றோம். 2015ஆம் ஆண்டு மார்ச் மாதம் 14ஆந் தேதி தலைமன்னார்த் துறைக்குப் புகையிரதம் மீண்டும் ஓடத்தொடங்கியபோது, அவனை அழைத்துச் சென்று காட்டினோம். பெயர்க்கப்பட்ட பாதையும் மீளப் பூட்டப்படலாம் என்பதைக் கண்ணாற் கண்டான்.

எமது கல்லூரி எமக்கு அளித்த கல்வியும் இத்தகையதே. அங்கே யாம் மனனம் செய்த பாடங்களிற் பல மறந்து போயின. ஆயினும், எதனையும் அஞ்சாது திறந்து பார்க்கவும், திறந்ததை முறைப்படி மீளச் சேர்க்கவும் எம் ஆசிரியப் பெருமக்கள் பழக்கினர். அப்பழக்கமே பிற்காலத்துத் துன்பங்களில் எமக்குத் துணையாய் நின்றது. இந்நிறைவு விழாவிற் கூடும் பழைய மாணவர் பலர் வீடிழந்தும், ஊரிழந்தும், உறவிழந்தும் மீண்டவர்கள். அவரவர் இல்லத்துப் பெட்டிகளிலே பழுதுற்ற பொருளொன்று கிடத்தல் கூடும். எறிவதற்கு முன் அதனை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். எங்கேனும் ஒரு நட்டு இருக்கும். அதனை இளக்கும் பொறுமையை எம் இளந்தலைமுறைக்கு அளிப்பதே, கல்லூரி அன்னைக்கு யாம் செலுத்தத்தக்க காணிக்கையாகும்.